தூண்டிலும் எட்டு மணி பஸ்ஸும்

"உங்களுக்கு மீன் பிடிக்க எங்கே ஸார் நேரம் கிடைக்கிறது?" என்று சென்ற வாரம் ஒரு நண்பர் கேட்டார். அவர் கேட்ட தோரணை, "உங்கள் ஆபீசில் வேலையே கிடையாதா?" என்று கேட்பது போலிருந்தது.

வேலை இருக்கிறது. எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஒன்பது மணிக்கு நான் மேஜைக்கு முன்னால் உட்கார முடியும். மாலை ஏழு மணிக்கு முன்பு வீடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. தொடர்கதை ஆசிரியர் அத்தியாயத்தை அனுப்பத் தாமதித்தாலோ, சென்ற வாரம் கதாநாயகி போட்டுக்கொண்டிருந்த மூக்குத்தியைச் சித்திரக்காரர் இந்த வாரம் மறந்துவிட்டாலோ, ஒன்பது மணிகூட ஆகும். ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்பீர்கள். கல்யாணம், காதுகுத்து, காஸ் அடுப்பு ரிப்பேர் இவற்றுக்காகவே ஏற்பட்ட நாள் அது. அன்று ஓய்வாக இருந்தவர் யாராவது உண்டா?

இத்தனைக்கும் நடுவில் வாரத்தில் மூன்று நாள் நான் ஏரியில் தூண்டில் போடுகிறேன். ஒவ்வொரு நாளும் முப்பது நிமிஷம். அது எப்படி என்று உங்களுக்குச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த முப்பது நிமிஷத்தை நான் யாரிடமிருந்து எடுத்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது கொஞ்சம் வெட்கக்கேடான விஷயம். ஆகையால் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இடம். பத்து நிமிஷ நடைக்கு அப்பால் இருக்கும் தண்ணீர் வேலை நாளுக்கு உதவாது. அங்கே போய்ச் சேருவதற்குள் திரும்பும் நேரம் வந்துவிடும். எங்கள் வீடு சென்னைப் புறநகரில் இருக்கிறது. பின் தெருவைத் தாண்டி, ஒரு பிள்ளையார் கோவிலைச் சுற்றிக்கொண்டு போனால் ஏரிக்கரை. இப்படி ஓர் ஏரியோ குளமோ உங்கள் வீட்டருகே இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. ஆனால் நேரே போய்த் தூண்டிலை வீசிவிடாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். இரண்டாவது நாளே கரையில் ஒருவர் வந்து நின்றார்.

"ஸார் எந்த வீடு?"

சொன்னேன்.

"ஏரி குத்தகையிலே இருக்கு, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் எத்தனையோ ஏரி குளங்களில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். எடுத்தவர் கைப்பணம் போட்டுக் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விட்டு வளர்ப்பார். அந்த மீனை நாம் பிடிப்பது பிறத்தியார் தோட்டத்து மாங்காயைப் பறிப்பது போலத்தான். நல்ல வேளையாக அந்த மனிதர் நல்லவர். ஜிலேபியை எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கட்லாவோ ரோகுவோ மாட்டினால் காயமில்லாமல் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டு அனுமதி கொடுத்தார். ஆகவே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சாக்கடை கலக்கும் நீராக இருந்தால் அந்த மீன் சமையலுக்கு ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏரி இல்லாத நகரவாசிகள் வருந்த வேண்டாம். சென்னையின் நடுவிலேயே சேத்துப்பட்டு ஏரியை மீன்வளத் துறையார் சீர்திருத்தி 2016-ல் பூங்காவாகத் திறந்தார்கள். அங்கே தூண்டில் போடுவதற்கென்றே இடம் அமைத்தார்கள். கடற்கரைக்காரர்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. கடலில் ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டு தடவை வருகின்றன. ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிஷம் பிந்தி வருகின்றன. இன்று காலை ஆறு மணிக்கு ஏற்றம் என்றால் நாளை ஏழு மணியை நெருங்கிவிடும். நமது பஸ்ஸோ தினமும் எட்டு மணிக்கேதான் புறப்படுகிறது. ஆனாலும் ஏறக்குறைய பதினைந்து நாளில் ஏற்றம் பழைய நேரத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே அமாவாசை, பௌர்ணமியைக் காலண்டரில் பார்த்து, ஒரு மாதம் குறித்துக்கொண்டு வந்தால், உங்கள் அரை மணிக்கு ஒத்துவரும் நாள் எது என்பது புரிந்துவிடும். தினமும் போய்ப் பாதி நாள் ஏமாறுவதைவிட அது நல்லது.

அடுத்தது நேரம். கோழி கூவுமுன் போனால்தான் மீன் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் ஐந்து மணிக்கே டார்ச் விளக்கோடு கிளம்பினேன். பாசியும் செடியும் அடர்ந்த ஏரியில் அது வீண் பிரயாசை. பகலில் வெயில் இருக்கும்போது நீர்ச் செடிகள் பிராணவாயுவை வெளிவிடுகின்றன. இரவில் மீனைப் போலவே அவையும் அதைச் செலவழிக்கின்றன. ஆகவே தண்ணீரில் பிராணவாயு மிகவும் குறைந்திருக்கும் வேளை, பொழுது விடிவதற்குச் சற்று முன்புதான். அப்போது சில குளங்களில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கலாம். பசிக்கிறது என்று நாம் நினைப்போம். உண்மையில் அவற்றுக்கு மூச்சு முட்டுகிறது! மூச்சு முட்டுகிறவனுக்கு இட்லி எதற்கு? வெயில் சற்று ஏறினால்தான் இரையில் நாட்டம் வரும். அதிலும் ஜிலேபி கண்ணால் பார்த்து இரை எடுக்கும் பகல் மீன். சென்னையில் மே, ஜூன் மாதங்களில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. ஜனவரியில் ஆறரை மணி ஆகிறது. ஆகவே ஆறேகாலிலிருந்து ஆறே முக்கால் வரையில் எனக்குச் சௌகரியமான நேரமே மீனுக்கும் சௌகரியமாக அமைந்துவிட்டது.

சாமான்கள் அதிகம் தேவையில்லை. ஒரு மூங்கில் கழி. அதன் நீளத்துக்குத் தங்கூஸ் நரம்பு. சிறிய தூண்டில் முள். முள்ளுக்கு ஒரு சாண் மேலே கடுகளவு ஈயம். அதற்கு மேலே தக்கை. கடையில் வண்ண வண்ணமாக விற்கும் தக்கைகளை வாங்கலாம். ஏரிக்கரைப் பையன்கள் அறுந்த ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி மாட்டிக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் செருப்புத் தக்கை ஒன்றுக்கும் குறைவில்லை. முள், ஈயம், தக்கை எல்லாவற்றையும் முதல் நாள் இரவே கட்டி, நரம்பைக் கழியில் சுற்றி, முள்ளை ஒரு கார்க்கில் குத்தி வைத்துவிட வேண்டும். காலையில் கரையில் நின்றுகொண்டு, தூக்கக் கலக்கத்தில் முள்ளின் காதில் நரம்பைக் கோப்பதற்கு எனக்கு ஒரு நாள் பதினொரு நிமிஷம் ஆயிற்று. முப்பதில் பதினொன்று போனால் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

இரைக்கு மண்புழுவை மிஞ்சியது கிடையாது. பூந்தொட்டியின் அடியில் ஈரச் சாக்கைப் போட்டு வையுங்கள். தானே வந்து சேரும். கொட்டாங்கச்சியில் ஈர மண்ணோடு எடுத்துக்கொண்டு போகலாம். அதை எந்தக் காரணத்தைக் கொண்டும் குளிர்பதனப் பெட்டியில், தயிருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இதற்கு மேல் அந்த விஷயத்தை விவரிக்க நான் விரும்பவில்லை. புழு அகப்படாத நாளில் சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து மிளகளவு உருட்டி மாட்டினால் போதும்.

ஜிலேபி என்றேனே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது நம் ஊர் மீன் அல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் ஜிலேபி இல்லாத குளத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காரணம், அதன் குடும்பம் நடத்தும் முறை. ஆண் மீன் தரையில் குழி பறிக்கிறது. பெண் அதில் முட்டையிட்டு, உடனே முட்டைகளைத் தன் வாயில் எடுத்து வைத்துக்கொள்கிறது. குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து என்றால் அத்தனை குஞ்சுகளும் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிகின்றன. அந்த நாட்களில் தாய் அநேகமாகப் பட்டினிதான். வாயில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது? பிறந்த சில மாதங்களிலேயே இனம் பெருக்கத் தயாராகிவிடும் இந்த மீன், நம் நாட்டுக் கெண்டை வகைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆகவே ஜிலேபியைப் பிடித்துக் குழம்பு வைப்பதில் மனச்சாட்சிக்குக் குறையில்லை.

விரால் சமாசாரம் வேறு. செந்நிறக் குஞ்சுகள் ஒரு கூட்டமாக நீர்மட்டத்தில் கொதிப்பது போல மிதந்து போவதைக் கண்டால், தாயும் தகப்பனும் கீழே காவல் வருகின்றன என்று அர்த்தம். அங்கே முள்ளைப் போடக் கூடாது. பெற்றவர்கள் போய்விட்டால் அந்தக் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

கெளுத்தி மாட்டினால் ஜாக்கிரதை. முதுகில் ஒன்றும், பக்கத் துடுப்புகளில் ஒவ்வொன்றுமாக மூன்று முட்கள் இருக்கின்றன. ஒரு நாள் அவசரத்தில் அழுத்திப் பிடித்து, வலது ஆள்காட்டி விரலில் வாங்கிக்கொண்டேன். குத்திய விரலைப் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்திருந்தால் வலி குறையும்; வீக்கம் ஏறினால் டாக்டரிடம் போய்விட வேண்டும். அன்று முழுவதும் ஆபீசில் இடது கையால் தட்டச்சு செய்தேன். என்ன நேர்ந்தது என்று கேட்டவர்களிடம் கதவில் நசுங்கிவிட்டதாகச் சொன்னேன். கடைசியாக ஒன்று: அறுந்த நரம்பைக் கரையில் எறியாதீர்கள். அது மக்காது; கொக்கின் காலிலும் நீர்க்காகத்தின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சுலபம். கஷ்டமானது ஒன்றே ஒன்றுதான்: நிறுத்துவது.

முப்பதாவது நிமிஷத்தில் தக்கை லேசாக ஆடும். "இது ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போவோம்" என்று தோன்றும். அது ஏமாற்றிவிட்டால் ஆத்திரம் வரும். அகப்பட்டுவிட்டால் ஆசை வரும். எப்படியும் பத்து நிமிஷம் போய்விடும். இப்படித்தான் என்னுடைய அரை மணி நாற்பதாகி, நாற்பத்தைந்தாகி, வாரத்துக்கு மூன்று நாள் என்பது ஆறு நாளாகவும் ஆயிற்று. இருந்தும் நான் ஒரு நாள்கூட எட்டு மணி பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. எப்படித் தவறவிடாமல் இருந்தேன் என்று மட்டும் யோசித்துப் பார்க்கவில்லை.

2023 செப்டம்பரில், எங்கள் பெண்ணுக்குக் காலாண்டுத் தேர்வு நடந்தபோது, அது தெரிந்தது. அன்று கணக்குப் பரீட்சை. பள்ளிக்கூட வேன் ஏழு இருபதுக்கு வரும். என் மனைவியும் உத்தியோகம் பார்ப்பவள். அவள் ஆபீசில் அன்று தணிக்கை; ஏழு மணி ரயிலுக்குப் போக வேண்டும். "ஆறே முக்காலுக்கு வந்துடுவீங்களா? இல்லேன்னா இன்னிக்கு ஒரு நாள் போகாம இருங்களேன்" என்று முதல் நாள் இரவே கேட்டாள்.

"தாராளமாக வந்துவிடுவேன்" என்றேன்.

ஆறு நாற்பதுக்குத் தக்கை ஒரேயடியாக உள்ளே போயிற்று. கழி வில்லாக வளைந்தது. அப்படி ஓர் இழுப்பை நான் அதுவரையில் பார்த்ததில்லை. நரம்பு அறுந்துவிடுமோ என்று கரையோடு முன்னும் பின்னுமாக நடந்து, விட்டுக் கொடுத்து, இழுத்து, மறுபடி விட்டுக் கொடுத்து, கடைசியில் கைக்கு வந்தபோது பார்த்தால் கட்லா. இரண்டு கிலோவாவது இருக்கும். ஒப்பந்தப்படி முள்ளை எடுத்துவிட்டு, தண்ணீருக்குள் அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் வரையில் காத்திருந்து விட்டேன். பிறகுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு இருபத்தைந்து.

வீடு பூட்டியிருந்தது. சாவியைப் பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்தார். "பாப்பாவுக்குப் பரீட்சையாமே? வேன் போயிடுச்சுன்னு ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க" என்றார். அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த கழியை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

எட்டு மணி பஸ்ஸை அன்றும் நான் பிடித்துவிட்டேன்.

குழந்தை இருபது நிமிஷம் தாமதமாகப் போய், கடைசி இரண்டு கணக்குகளை எழுத முடியாமல் திரும்பி வந்தாள். மனைவிக்கு ஆபீசில் அரை நாள் விடுப்பு போயிற்று. தணிக்கையன்று இல்லாததற்குக் கேட்கக் கூடாத வார்த்தை ஒன்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். குழந்தைதான் ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, மீன் பெரிசா?"

"பெரிசுதான்."

"எங்கே?"

"தண்ணியிலேயே விட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ எதுக்குப் பிடிச்சீங்க?"

மறுநாள் கழியைப் பரணில் ஏற்றிவிட்டேன். நாலு மாதம் அது அங்கேயே கிடந்தது.

போகியன்று பழைய சாமான்களை ஒழிக்கும்போது மனைவி அதைக் கீழே இறக்கினாள். "இதை என்ன செய்யணும்?" என்றாள்.

"நெருப்பிலே போட்டுவிடு" என்றேன், தியாகம் செய்கிறவன் குரலில்.

"போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க" என்று பால் கணக்கு நோட்டை எடுத்து வந்தாள். பின் பக்கத்தில், நான் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் எழுதிய ஒரு கணக்கு இருந்தது. தேதி போட்டு, "மீன்" என்று தலைப்பிட்டிருந்தாள். டப்பா தேடியது 5 நிமிஷம். போக, வர 20. ஏரியில் 45. குளியலறைச் சேறு கழுவியது 10. மீன் ஆய்ந்தது 20. கூட்டல்: 1 மணி 40 நிமிஷம். இதில் முதலும் கடைசி இரண்டும் அவள் வேலை. மீன் பிடிக்கப் போகுமுன் பால் வாங்கி வருவதும், மோட்டார் போடுவதும், குழந்தையை எழுப்பி வேனில் ஏற்றுவதும் என் வேலைகளாக இருந்தன. அவை எப்போது அவளிடம் போயின என்று எனக்கே தெரியாது. நான் அவளைக் கேட்டதும் இல்லை, அவள் ஒப்புக்கொண்டதும் இல்லை. நான் எட்டு மணி பஸ்ஸைத் தவறவிடாத ரகசியம் அந்த நோட்டில் இருந்தது.

"நான் போகவேண்டாம்னு சொல்லலை" என்றாள். "நீங்க மூணு நாள் போங்க. மிச்ச மூணு நாள் அதே நேரத்தை எனக்குக் கொடுங்க."

"நீ என்ன செய்வாய்?" என்று கேட்டேன். நடைப்பயிற்சி, யோகாசனம், பாட்டு என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன். மாடியிலே உட்கார்ந்து, காபியைச் சூடா இருக்கும்போதே குடிப்பேன்."

எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அவள் தினமும் ஆறிப்போன காபியைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

அன்று முதல் செவ்வாய், வியாழன், சனி என் நாட்கள். திங்கள், புதன், வெள்ளி அவளுடையவை. என் நாட்களில் கைக்கடிகாரத்தில் இரண்டு அலாரம் வைத்துக்கொள்கிறேன். முதல் அலாரத்தோடு இரை மாட்டுவதை நிறுத்திவிடுவேன். ஐந்து நிமிஷம் கழித்து இரண்டாவது அடிக்கும்போது, தக்கை ஆடினாலும் ஆடாவிட்டாலும், நரம்பைச் சுற்றிவிடுவேன். பிடித்ததை ஏரிக்கரையிலேயே நானே ஆய்ந்துகொண்டு வருகிறேன். ஒன்றும் அகப்படாத நாட்கள்தான் அதிகம். பரீட்சை நாட்களில் கழி பரணில் இருக்கும். அவள் நாட்களில் மாடிக் கதவைச் சாத்திவிட்டு, குழந்தைக்கு இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். தூண்டில் முடிச்சு எவ்வளவோ சுலபம்!

உங்களுக்கும் ஓர் அரை மணி ஆசை இருக்கலாம். தூண்டிலாக இல்லாவிட்டால் செஸ்ஸாக இருக்கும், புகைப்படமாக இருக்கும், பாட்டாக இருக்கும். முள்ளும் நரம்பும் வாங்கக் கடைக்குப் போகுமுன், அந்த அரை மணியில் உங்கள் வீட்டில் பால் வாங்குவது யார் என்று ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இதை எழுதி முடிக்கும்போது மணி பதினொன்று. இன்று வியாழன், காலையில் நாலு ஜிலேபி கிடைத்தன. நாளை வெள்ளிக்கிழமை. பால்காரர் ஆறு மணிக்கே வந்துவிடுவார். நான் தூங்கப் போகிறேன்.